சோக் புல்-ஆஃப்

சோக் புல்-ஆஃப் என்பது பழைய தானுந்துகளின் கார்புரேட்டரில் தானியங்கிச் சோக்குடன் இணைந்து இயங்கும் ஒரு சிறு உறுப்பு ஆகும். குளிர்ந்த பொறி இயங்கத் தொடங்கிய உடனே, மூடியிருக்கும் சோக் தகட்டைக் குறிப்பிட்ட அளவு மட்டும் இழுத்துத் திறப்பது இதன் பணி. திறப்பு போதாவிடில் பொறி பெட்ரோலில் மூழ்கி நின்றுவிடும். மிகுந்தால் கலவை மெலிந்து, இருமியபடி நின்றுவிடும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட அளவு பல கார்புரேட்டர்களில் 0.1 முதல் 0.25 அங்குலம் வரை, அதாவது ஏறத்தாழ 2.5 முதல் 6.4 மில்லிமீட்டர் வரை அமைகிறது. கார்புரேட்டரின் மாதிரி எண்ணைப் பொறுத்து இது மாறுபடும். எனவே இவ்வுறுப்பை அடையாளம் காண்பதும் அளவு வைப்பதும் ஒன்றையொன்று சார்ந்த வேலைகளாகும்.

இக்கட்டுரை பெரும்பாலும் 1960கள், 1970களின் அமெரிக்கத் தானுந்துகளைப் பற்றியது. இந்தியாவில் நெடுங்காலம் ஓடிய அம்பாசடர், பிரிமியர் பத்மினி ஆகியவற்றில் ஓட்டுநர் கையால் இழுக்கும் சோக்கே இருந்தது. அங்கே புல்-ஆஃபின் வேலையை ஓட்டுநரின் காதும் கையும் செய்தன. வண்டி கிளம்பியதும் சோக்கைச் சற்று உள்ளே தள்ளுவது அதற்காகத்தான்.

பெயர்கள்

ஒரே உறுப்பு நிறுவனத்துக்கு ஒரு பெயரில் வழங்கியதால் கையேடுகளைப் படிப்போர் குழம்புவதுண்டு. ஜெனரல் மோட்டார்ஸ் கையேடுகள் இதை 'வேக்குவம் பிரேக்' என்கின்றன. இதற்கும் சக்கரங்களை நிறுத்தும் பிரேக்குக்கும் தொடர்பில்லை. கிறைஸ்லர் நிறுவனம் சவ்வுள்ள உறுப்பையும் அது தரும் திறப்பையும் 'வேக்குவம் கிக்' என்ற பெயரால் குறித்தது. ஃபோர்டு கையேடுகளில் 'சோக் புல்டவுன்' என வரும். ஹாலி நிறுவனத்தார் இந்த அளவு வைக்கும் வேலையைச் சோக் 'குவாலிஃபையிங்' என்றனர். புல்-ஆஃப் என்பது பட்டறைகளிலும் உதிரிபாகக் கடைகளிலும் நிலைத்த பெயர்.

தேவை

பெட்ரோல் திரவமாக எரிவதில்லை. ஆவியாகிக் காற்றுடன் கலந்த பின்னரே எரிகிறது. பொறி குளிர்ந்திருக்கும்போது பெட்ரோலின் இலேசான கூறுகள் மட்டுமே ஆவியாகின்றன. எஞ்சியவை உள்ளிழு குழாயின் குளிர்ந்த சுவர்களில் ஈரமாகப் படிந்துவிடும். சூடான பொறிக்கு எடையளவில் ஏறத்தாழ 14.7 பங்கு காற்றுக்கு ஒரு பங்கு பெட்ரோல் போதுமானது. குளிர்ந்த பொறியைக் கிளப்ப அதைவிடப் பன்மடங்கு பெட்ரோல் வேண்டும். சோக் தகடு காற்றுப் பாதையின் வாயை மூடுவதால், ஸ்டார்ட்டர் பொறியைச் சுழற்றும்போது தகட்டுக்குக் கீழே உறிஞ்சும் விசை கூடி, பெட்ரோல் மிகுதியாக இழுக்கப்படுகிறது.

சிக்கல் எழுவது அடுத்த நொடியில்தான். பொறி தானாக ஓடத் தொடங்கியதும் அதன் வேகம் பலமடங்கு உயர்கிறது. மூடிய தகட்டின் கீழ் உறிஞ்சும் விசையும் கட்டுக்கடங்காமல் போகிறது. கிளம்புவதற்குத் தேவையாக இருந்த அதே செறிந்த கலவை இப்போது ஸ்பார்க் பிளக்குகளை நனைத்துப் பொறியை நிறுத்திவிடும். ஆகவே தகடு உடனே சிறிது திறக்க வேண்டும். முழுதும் திறந்துவிடவும் கூடாது.

பொறி கிளம்பிவிட்டது என்பதைக் கார்புரேட்டர் அறிவது எவ்வாறு? விடை உள்ளிழு குழாயின் வெற்றிட அளவில் உள்ளது. ஸ்டார்ட்டர் சுழற்றும்போது அங்கு வெற்றிடம் பாதரச அளவில் சில அங்குலம் மட்டுமே. பொறி தானாக ஓடும்போது அது ஏறத்தாழ 15 முதல் 20 அங்குலம் வரை உயரும். புல்-ஆஃப் முந்தைய அளவுக்கு அசையாமலும் பிந்தைய அளவுக்கு முழுமையாக இழுபடும்படியும் செய்யப்பட்டுள்ளது. மின்சாரமோ உணரியோ இல்லாமல் இயங்கும் இது நேர்த்தியான தீர்வு எனலாம்.

அமைப்பும் வகைகளும்

தானியங்கிச் சோக் 1930களின் தொடக்கத்திலேயே அமெரிக்கத் தானுந்துகளில் வந்துவிட்டது. அதன் மையம் ஈருலோகச் சுருளாகும். வெவ்வேறு அளவில் விரியும் இரு உலோகப் பட்டைகளை ஒட்டிச் சுருட்டிய இச்சுருள் குளிரில் தகட்டை மூடவும், வெப்பத்தில் தளர்ந்து திறக்கவும் செய்கிறது. ஆனால் சுருள் சூடாகச் சில நிமிடங்கள் ஆகும். புல்-ஆஃப் தேவைப்படுவதோ முதல் நொடியில். சுருளின் பிடியை எதிர்த்துத் தகட்டை இழுக்கத் தனியொரு விசை வேண்டியிருந்தது இதனால்தான்.

முந்தைய வகையில் அவ்விசையைத் தந்தது ஒரு சிறு பிஸ்டன். கார்ட்டர் ஏ.எஃப்.பி., ஆட்டோலைட் 2100 போன்றவற்றில் இப்பிஸ்டன் சுருள் இருக்கும் வட்டக் கூட்டுக்குள்ளேயே அமைந்திருக்கிறது. வெற்றிடம் பிஸ்டனை இழுப்பதுடன், புகைபோக்கிக் குழாயருகே சூடான காற்றைக் கூட்டுக்குள் இழுத்துச் சுருளையும் சூடாக்கும். ஒரே வெற்றிடத்தால் இரு வேலை. குறையும் இதிலேயே உண்டு: சூடான காற்றைக் கொண்டுவரும் குழாய் துருப்பிடித்து ஓட்டை விழுந்தால் புகையும் கரியும் கூட்டுக்குள் புகுந்து பிஸ்டனை இறுகச் செய்துவிடும். கரி படிந்த பிஸ்டனைத் துடைத்து விடுவித்தால் மட்டும் போதாது. குழாயைச் சீர்செய்யாவிடில் அது மீண்டும் இறுகும்.

பிந்தைய வகை இரப்பர்ச் சவ்வு கொண்டது. 1960களில் ஜெனரல் மோட்டார்ஸ், கிறைஸ்லர் வண்டிகள் பலவற்றில் ஈருலோகச் சுருள் கார்புரேட்டரை விட்டு உள்ளிழு குழாயின் மேலுள்ள ஒரு குழிக்கு இடம்பெயர்ந்தது. அங்கிருந்து ஒரு நீண்ட கம்பி தகட்டை அசைத்தது. சுருளின் கூடு போனதும் பிஸ்டனுக்கும் இடமில்லாமல் போயிற்று. எனவே கார்புரேட்டரின் பக்கத்தில் கைக்கடக்கமான ஒரு டப்பா பொருத்தப்பட்டது. டப்பாவுக்குள் இரப்பர்ச் சவ்வும் திருப்பும் சுருள்வில்லும் இருக்கும். ஒரு புறம் வெற்றிடக் குழாயின் முனை, மறுபுறம் தண்டு, தண்டிலிருந்து சோக் நெம்புகோலுக்கு ஒரு இணைப்புக் கம்பி. பலவற்றில் வெற்றிட வழியில் ஊசித்துளை போன்ற ஒரு நெருக்கடி வைக்கப்பட்டிருக்கும். சவ்வு திடுமென இழுபடாமல் மெல்ல நகர்வதற்காக அது வைக்கப்படுகிறது.

சில வகைகளின் தண்டில் மேலும் ஒரு சிறு வில் உண்டு. கடுங்குளிரில் ஈருலோகச் சுருள் இறுக்கமாகப் பிடிக்கும்; அப்போது இந்த வில் சுருங்கிக் கொடுத்து, தகடு சற்றுக் குறைவாகவே திறக்கும். மிதமான குளிரில் சுருளின் பிடி தளர்வதால் முழுத் திறப்பும் கிடைக்கும். குளிருக்கேற்பத் திறப்பு தானே மாறும் இந்த ஏற்பாட்டை, வில்லைத் தேவையற்றதெனக் கருதிக் கழற்றி விடுவோர் கெடுத்துவிடுகின்றனர்.

குவாட்ராஜெட்டில் இரட்டைப் பணி

ரோசெஸ்டர் குவாட்ராஜெட் 1965 மாதிரி ஆண்டில் அறிமுகமான நான்கு துளைக் கார்புரேட்டர் ஆகும். சிறிய இரு முன் துளைகள் அன்றாட ஓட்டத்துக்கும், பெரிய இரு பின் துளைகள் முழு ஆற்றலுக்கும் பயன்படுகின்றன. பின் துளைகளின் மேல் காற்றின் இழுப்பால் திறக்கும் காற்று வால்வு ஒன்று உண்டு. பெரும்பாலான குவாட்ராஜெட்களில் முன்புற வேக்குவம் பிரேக்கிலிருந்து மெல்லிய கம்பியொன்று இந்தக் காற்று வால்வுக்கும் செல்கிறது. இதைக் கவனிக்காமல் விடுவதாலேயே பல கார்புரேட்டர்கள் வீண்பழி சுமக்கின்றன.

பொறி மெதுவாக ஓடும்போது வெற்றிடம் சவ்வை உள்ளே இழுத்து வைத்திருக்கும். கம்பி காற்று வால்வை மூடிப் பிடித்திருக்கும். ஓட்டுநர் முடுக்கியை முழுதும் மிதித்தால் வெற்றிடம் வீழ்கிறது. சவ்வு திரும்ப வேண்டும். ஆனால் ஊசித்துளை வழியே காற்று மெல்லப் புகுவதால் ஒன்று முதல் இரண்டு நொடி எடுத்துக்கொண்டே திரும்பும். கம்பியும் அதே வேகத்தில் வால்வை விடுவிக்கும். பின் துளைகளின் பெட்ரோல் ஓட்டம் காற்றை எட்டிப் பிடிக்க இத்தாமதம் உதவுகிறது. ஊசித்துளை இல்லாத அல்லது பெரிதாக உள்ள மாற்று உறுப்பைப் பொருத்தினால் வால்வு ஒரேயடியாகத் திறந்துவிடும். பொறி ஒரு கணம் மூச்சடைத்தது போல் தயங்கிப் பின்னரே பாயும். நன்கு சூடான பொறியில் நெடுஞ்சாலையில் வரும் இக்கோளாறுக்குச் சோக்கின் உறுப்பைக் காரணமாக நினைப்பவர் அரிது. வால்வின் வில்லையும் பெட்ரோல் ஊசிகளையும் மாற்றிப் பார்த்த பிறகே பலர் இங்கு வந்து சேர்கின்றனர்.

பிந்தைய குவாட்ராஜெட்கள் பலவற்றில் பின்புறம் இரண்டாவது வேக்குவம் பிரேக்கும் சேர்க்கப்பட்டது. முன்னது முதல் திறப்பைத் தரும். பின்னது சற்றுத் தாமதித்தோ, பொறி ஓரளவு சூடான பின்னரோ தகட்டை மேலும் திறக்கும். மாசுக்கட்டுப்பாட்டு விதிகள் இறுகியதால் சோக் இயங்கும் நேரத்தைக் குறைக்க வேண்டியிருந்ததே இதற்குக் காரணம்.

அடையாளம் காணல்

பழைய புல்-ஆஃபைப் பார்த்து அதைப் போன்ற ஒன்றை வாங்குவது நம்பத்தக்க வழியன்று. வண்டியின் ஆண்டை மட்டும் சொல்லி வாங்குவதும் அவ்வாறே. ஐம்பது ஆண்டுகளில் கார்புரேட்டரே மாற்றப்பட்டிருக்கலாம். கார்புரேட்டரின் மேல் உள்ள எண்ணே முதற்சான்று.

குவாட்ராஜெட்டில் எண் உடலின் இடப்பக்கத்தில், பின் துளைகளின் அருகே, செங்குத்தாகப் பொறிக்கப்பட்டிருக்கும். தொடக்க ஆண்டுகளில் வட்ட உலோகத் தகட்டில் இருந்தது. எடுத்துக்காட்டாக 7042202 என்ற எண்ணில் 704 என்பது 1970களின் முற்பகுதியையும், அடுத்த 2 என்பது 1972ஆம் ஆண்டையும் குறிக்கும். செவ்ரோலே வண்டிகளுக்கான எண்களில் கடைசி இலக்கம் இரட்டைப்படையானால் தானியங்கிக் கியர், ஒற்றைப்படையானால் கைக் கியர் என்பது பொதுவிதி. 1976 முதல் எண்கள் 170 எனத் தொடங்கி எட்டு இலக்கம் கொண்டவையாயின. அவற்றில் ஐந்தாம் இலக்கம் ஆண்டைக் காட்டும். தானியங்கிக் கியர் வண்டிக்கும் கைக் கியர் வண்டிக்கும் புல்-ஆஃப் அளவு வேறாக இருக்கலாம் என்பதால் கடைசி இலக்கத்தையும் விடக்கூடாது.

ஹாலி கார்புரேட்டர்களில் 'லிஸ்ட்' எண் மேற்புறக் காற்றுக் கோபுரத்தில் பொறிக்கப்பட்டிருக்கும். ஃபோர்டு வண்டிகளில் மேல்மூடியின் ஒரு திருகில் மாட்டிய சிறு தகட்டில் எண் உண்டு; முதலெழுத்து பத்தாண்டையும் (சி என்றால் 1960கள், டி என்றால் 1970கள்) அடுத்த இலக்கம் ஆண்டையும் காட்டும். பழுதுபார்ப்போர் திருகைக் கழற்றி மாட்டும்போது இத்தகட்டைத் தொலைத்துவிடுவது வழக்கம். அவ்வாறு தொலைந்தால் வார்ப்பின் வடிவம், துளைகளின் விட்டம் ஆகியவற்றைக் கொண்டு ஊகிக்க வேண்டியதுதான்.

எண்ணைக் கொண்டு உறுப்பை வாங்கிய பின்னும் பழையதன் அருகே வைத்து ஒப்பிடுதல் நன்று. தண்டு முழுதும் உள்ளிழுத்த நிலையில் அதன் நீளம், நகரும் தொலைவு, தாங்கியின் வளைவு, கம்பி நுழையும் துளை வட்டமா நீள்பள்ளமா என்பது, வெற்றிட முனையின் திசை, உள்ளே உள்ள ஊசித்துளை ஆகியவை ஒத்திருக்க வேண்டும். பல மாதிரிகளுக்கும் பொருந்தும் எனச் சொல்லி விற்கப்படும் உறுப்புகளில் வெளித்தோற்றம் ஒத்திருந்து ஊசித்துளை மட்டும் வேறுபடுவதுண்டு.

சோதித்தல்

கருவி எதுவுமின்றி ஒரு சோதனை செய்யலாம். வெற்றிடக் குழாயைக் கழற்றி, தண்டை உள்ளே தள்ளிப் பிடித்து, குழாய் முனையை விரலால் அடைத்துவிட்டுத் தண்டை விடுக. சவ்வு நலமாயிருந்தால் தண்டு அங்கேயே நிற்கும். கிழிந்திருந்தால் உடனே வெளியே வந்துவிடும். கைவிசை வெற்றிடப் பம்பு இருந்தால் 15 அங்குலத்துக்கு மேல் இழுத்து முள் இறங்குகிறதா எனப் பார்க்கலாம். சில உறுப்புகளில் பெட்ரோல் ஆவி தங்காமல் இருக்க வேண்டுமென்றே ஒரு காற்றுத் துளை வைக்கப்பட்டிருக்கும். அதை ஒட்டுநாடாவால் மூடிக்கொண்டு சோதிக்காவிடில் நல்ல உறுப்பும் கெட்டதாகத் தெரியும். சோதனை முடிந்ததும் நாடாவை எடுத்துவிட வேண்டும்.

கிழிந்த சவ்வு சோக்கை மட்டும் கெடுப்பதன்று. அதன் வழியே உள்ளிழு குழாய்க்குள் கணக்கில் வராத காற்று புகுவதால் சூடான பொறியும் மெதுவோட்டத்தில் நடுங்கும். குழாயைக் கிள்ளிப் பிடித்ததும் நடுக்கம் நின்றால் காரணம் அதுவே. கார்புரேட்டரைக் கழுவும் வேதிநீர்மத்தில் புல்-ஆஃபை ஊறவைத்தால் சவ்வு அழிந்துபோகும். எனவே முதலிலேயே அதைக் கழற்றி வைக்க வேண்டும்.

அளவு வைத்தல்

வேலையின் வரிசை முக்கியமானது. மிதவையின் மட்டம், சோக் கம்பிகளின் தடையற்ற அசைவு, வேக ஐடிலிங் கேமின் நிலை ஆகியவை முதலில், புல்-ஆஃப் அடுத்து, ஈருலோகச் சுருளின் இறுக்கம் கடைசியில். இவ்வரிசையைத் தலைகீழாக்குவதே பரவலான தவறு. புல்-ஆஃப் செயலிழந்த வண்டி கிளம்பியதும் கரும்புகை விட்டு நிற்கும். அதைக் கண்டவர் சோக் 'அதிகமாக' இருக்கிறதென்று சுருளைத் தளர்த்திவிடுவார். அன்றைக்கு வண்டி ஓடும். அடுத்த குளிரான காலையில் தகடு மூடவே மூடாது. ஸ்டார்ட்டரைச் சுழற்றிச் சுழற்றி மின்கலம் தீரும். சுருள் கட்டுப்படுத்துவது தகடு மூடுவதையும் நிமிடக்கணக்கில் திறப்பதையும். முதல் நொடியின் திறப்பு புல்-ஆஃபுக்கு உரியது. ஒன்றின் குறையை மற்றொன்றால் ஈடுகட்ட இயலாது.

அளவு வைக்கப் பொறியை நிறுத்தி, திராட்டிலைச் சற்றுத் திறந்து சோக் தகட்டை மூடவிட வேண்டும். வேக ஐடிலிங் கேமின் படிகள் தடுக்காமல் இருக்கவே இது. பின்னர் கைப்பம்பால் சவ்வை முழுதும் உள்ளிழுத்து வைத்து, தகட்டை மூடும் திசையில் விரலால் மெல்ல அழுத்த வேண்டும். இணைப்புகளின் தளர்ச்சி அப்போதே நீங்கும். கிறைஸ்லர் வண்டிகளின் சவ்வுத் தண்டுக்குள் வில் இருப்பின் அது முழுதும் அமுங்கும் அளவுக்கு அழுத்தம் தேவை. ஆனால் கம்பி வளையும் அளவுக்கு அன்று. அந்நிலையில் தகட்டின் விளிம்புக்கும் காற்றுப் பாதையின் சுவருக்கும் இடையே துளையூசியின் காம்பை நுழைத்து அளக்கலாம். 1/8 அங்குலத் துளையூசி 0.125 அங்குலம், 5/32 அங்குலத் துளையூசி 0.156 அங்குலம். காம்பு உரசியபடி நுழைய வேண்டும். தகட்டைத் தள்ளக் கூடாது.

எந்த விளிம்பில் அளப்பது என்பதைக் கையேட்டில் பார்த்தாக வேண்டும். தகட்டின் அச்சு நடுவில் இல்லாமல் ஒரு புறம் ஒதுங்கியிருப்பதால் மேல் விளிம்பின் இடைவெளியும் கீழ் விளிம்பின் இடைவெளியும் ஒன்றாவதில்லை. 1970களின் பிற்பகுதியில் ஜெனரல் மோட்டார்ஸ் அங்குலத்தை விட்டுக் கோண அளவுக்கு மாறியது. தகட்டின் மேல் காந்தத்தால் ஒட்டும் கோணமானியை வைத்து, மூடிய நிலையைச் சுழியாகக் கொண்டு பாகையில் அளப்பது அம்முறை. பாகையில் தரப்பட்ட அளவுக்குத் துளையூசி உதவாது.

மாற்றம் செய்யும் இடமும் வகைக்கு வகை வேறு. கிறைஸ்லரில் இணைப்புக் கம்பியின் 'ப' வடிவ வளைவை விரித்தோ நெருக்கியோ நீளம் மாற்றப்படுகிறது. மோட்டார்கிராஃப்ட் 2150 இல் சவ்வு டப்பாவின் பின்புறத் திருகு உண்டு. குவாட்ராஜெட்டில் ஆண்டுக்கேற்பக் கம்பியையோ நாக்குப் போன்ற தகட்டையோ வளைக்க வேண்டும், அல்லது திருகைத் திருப்ப வேண்டும். கம்பியை வளைக்கும்போது அதைக் கழற்றி எடுத்து வளைப்பதே முறை. மாட்டிய நிலையில் வளைத்தால் விசை முழுதும் சவ்வின் மேல் விழும். குவாட்ராஜெட்டில் திறப்பை வைத்த பின் காற்று வால்வுக் கம்பியையும் பார்க்க வேண்டும். சவ்வு உள்ளிழுத்து, வால்வு மூடியிருக்கையில் கம்பிக்கும் பள்ளத்தின் முனைக்கும் இடையே பெரும்பாலும் 0.025 அங்குலம் தளர்ச்சி இருத்தல் வேண்டும். தளர்ச்சியே இல்லாவிடில் கம்பி தடுத்துச் சவ்வை முழுதும் உள்ளே வரவிடாது. சரியாக வைத்த சோக் அளவும் கிடைக்காது.

கையேட்டு அளவு தொடக்கப் புள்ளியே. அது அக்காலப் பெட்ரோலுக்கு வகுக்கப்பட்டது. 10 விழுக்காடு எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோலில் அதே கார்புரேட்டர் சற்று மெலிந்த கலவையைத் தருவதால், திறப்பைச் சிறிது குறைக்க வேண்டிவரலாம். இதை ஒரு இரவு முழுதும் ஆறிய பொறியில்தான் தீர்மானிக்க இயலும். ஒரு நாளைக்கு ஒரு முயற்சியே வாய்க்கும். கிளம்பி இரண்டு மூன்று நொடியில் கரும்புகையுடன் உருண்டு நின்றால் திறப்பு போதவில்லை. புகையின்றி, கார்புரேட்டர் வழியே தும்மி நின்றால் திறப்பு மிகுதி. ஐயம் இருப்பின் தகட்டைக் கவனித்தால் போதும்: பொறி பற்றியதும் அது ஒரு முறை துள்ளித் திறந்து நிற்க வேண்டும். காற்று வடிகட்டியைக் கழற்றிவிட்டு இதைப் பார்ப்போர் முகத்தை விலக்கி வைத்துக்கொள்வது அவசியம். மெலிந்த கலவையின் தும்மல் தீயாகவே மேலே வரும்.

இன்றைய நிலை

எரிபொருள் உட்செலுத்தல் பரவியதால் 1990களின் தொடக்கத்தில் அமெரிக்கப் புதிய தானுந்துகளில் கார்புரேட்டர் வழக்கொழிந்தது. அதனுடன் புல்-ஆஃப் உற்பத்தியும் சுருங்கிற்று. பரவலான மாதிரிகளுக்கு மாற்று உறுப்புகள் கிடைக்கின்றன. அரிய மாதிரிகளுக்குப் பழைய இருப்பிலிருந்தே பெற வேண்டும். பழைய இருப்பில் உறையே பிரிக்காத உறுப்பாயினும் சவ்வின் இரப்பர் பல பத்தாண்டுகள் முதிர்ந்தது என்பதால், பொருத்துமுன் மேற்கூறிய விரல் சோதனையைச் செய்துவிட வேண்டும். சிலர் பிஸ்டன் வகைக் கூடுகளைக் கழற்றிவிட்டு மின்சாரச் சோக்குக்கு மாறுகின்றனர். மின்சாரம் சுருளைச் சூடாக்குமே அன்றி முதல் திறப்பைத் தராது. அங்கும் ஒரு புல்-ஆஃப் தேவைப்படும்.